தண்ணீர் விடும் நேரத்தில்

காலையில் ஐந்தரைக்கு ஒரு முறை, சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு முறை. ஐந்து மாதமாக நான் படிப்பதும் பாட்டுக் கேட்பதும் இந்த இரண்டு வேளையில்தான். கும்பகோணத்துக்கு வெளியே, வயலாக இருந்து மனையாக மாறிய இடத்தில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டின சுவருக்குத் தண்ணீர் விடத் தனியாக ஆள் வைத்தால் அதற்கொரு கூலி. அந்த ஆள் ஒருநாள் வராமல் போனாலும் சுவர் வெயிலில் வெந்துபோகும். அதனால் நானே விடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது தளம் போட்டாகிவிட்டது. அதன்மேல் மண்ணைக் குழைத்துச் சின்னச் சின்ன வரப்பாகக் கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். நெல் விளைந்த நிலத்தில், இப்போது பத்தடி உயரத்தில் மறுபடியும் பாத்தி. குழாயை ஒன்றில் போட்டுவிட்டு அது நிறைகிறவரை காத்திருப்பேன். நிறைந்ததும் அடுத்ததில் போடுவேன். பன்னிரண்டு பாத்தியும் நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஓரமாக அடுக்கியிருக்கும் செங்கல்மேல் உட்கார்ந்துகொள்வேன். மடியில் புத்தகம், பக்கத்தில் போன்.

"கான்கிரீட் காயக் கூடாது டீச்சர், இறுகணும்" என்றார் மேஸ்திரி, தளம் போட்ட அன்று. நான் பள்ளியில் அறிவியல் எடுப்பவள். சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் கெட்டிப்படுகிறது, தண்ணீர் வற்றிப்போனால் அந்த வினை பாதியில் நின்றுவிடும் என்பதெல்லாம் தெரியும். கான்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாள் கணக்கில்தான் சோதிக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் பாடமாகச் சொன்னதை அவர் ஒரே வரியில் சொன்னபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

இந்த ஐந்து மாதத்தில் படித்தது, கேட்டது, பார்த்தது எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. பாதியில் விட்டவை நிறைய. கடைசிவரை கூடவே வந்தவற்றை மட்டும் சொல்கிறேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். என்னைப் பிடித்து நிறுத்தியவை அத்தனையிலும் யாரோ ஒருவர் பொறுமையாக ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். முடிந்த பொருளைவிட அது எப்படி முடிகிறது என்பதையே பார்க்கும் மனநிலையில் நான் இருந்திருக்கிறேன் போல.

முதலில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. இது அப்பாவின் பிரதி. அட்டை கழன்று, நூலால் கட்டி வைத்திருந்தார். உ.வே.சா. வேலை பார்த்த காவிரிக்கரைக் கல்லூரியில்தான் அப்பாவும் படித்தார். அந்தப் பெருமையில் வாங்கிய புத்தகம். பள்ளிப் பாடத்தில் இரண்டு பக்கம் படித்ததோடு நான் நிறுத்தியிருந்தேன். 'தமிழ்த் தாத்தா' என்ற பட்டப்பெயரே அவரை ஒரு சிலையாக்கி என்னிடமிருந்து தூரத்தில் வைத்துவிட்டது. வீட்டு வேலை தொடங்கிய வாரத்தில், வாடகை வீட்டில் அலமாரியை ஒதுக்கும்போது புத்தகம் கைக்கு வந்தது. மொத்தம் 122 அத்தியாயம். 1940 ஜனவரியிலிருந்து ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர் அது. அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வேளைத் தண்ணீருக்குச் சரியாக இருந்தது.

பலரும் இதை ஏட்டுச்சுவடி தேடிய கதை என்றுதான் சொல்வார்கள். உண்மையில் புத்தகத்தின் பெரும்பகுதி ஒரு பையன் பாடம் கேட்க அலையும் கதை. உத்தமதானபுரத்தில் 1855இல் பிறந்த பையன், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக, யாராவது தமிழ் சொல்லித்தருவாரா என்று போகிறான். இரண்டு பாட்டுத் தெரிந்தவர், நான்கு பாட்டுத் தெரிந்தவர் என்று பொறுக்கிப் பொறுக்கிப் படிக்கிறான். கடைசியில் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறான். வீட்டில் வேங்கடராமன், சாமா என்று கூப்பிட்ட பையனைச் சாமிநாதன் ஆக்கியவரும் பிள்ளைதான். பிள்ளை சொல்லச் சொல்ல ஓலையில் எழுதுவது, நடக்கும்போதும் பாடம், சாப்பிட்டு எழுந்ததும் பாடம். ஆசிரியரை இவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்து எழுதிய இன்னொரு தமிழ்ப் புத்தகத்தை நான் படித்ததில்லை. 1876இல் பிள்ளை மறைகிற பகுதியைப் படித்த அன்று, குழாயை மாற்றாமல் விட்டு, ஒரு வரப்பு உடைந்தே போனது.

அப்புறம் 1880. கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்திருக்கிறது. அதே வருஷம் அக்டோபரில், ஊருக்கு முன்சீபாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். எதிரில் இருப்பவர் முகத்தில் அசைவே இல்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்பதுபோல் ஒரு கேள்வி வருகிறது. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை? இவர் அவற்றைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 25 வயதில், கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒருவருக்கு அது எப்படி இருந்திருக்கும்! நானும் வகுப்பில் நிற்பவள். தெரியாது என்று ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அவர் கோபப்பட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். மறுபடியும் போய்ச் சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வருகிறார்.

வாங்கி வந்ததைப் படித்தால் புரியவில்லை. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரம் குறிலா நெடிலா என்று தெரியாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். பாட்டு எது, உரை எது என்று பிரித்துக்காட்டும் இடைவெளியும் கிடையாது. இதற்கெல்லாம் மேலே, அது சமண நூல். அவர் கற்ற சைவப் படிப்பில் அதற்குத் திறவுகோல் இல்லை. அப்போது கும்பகோணத்திலேயே இருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்கிறார். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக் கோலம் போட்டிருக்கிறது. என்ன விசேஷம் என்று விசாரித்தால், வீட்டில் சிந்தாமணி படித்து முடித்த நாளைக் கொண்டாடுகிறார்களாம். ஊர்ப் புலவர்கள் மறந்துபோன காவியம், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் விசேஷமாக வாழ்ந்துகொண்டிருக்கிறது. அந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். நான் பிறந்து வளர்ந்த ஊர். இங்கே எத்தனை வாசலைக் கேட்காமல் தாண்டிப் போயிருப்பேன் என்று தோன்றியது.

1887இல் சிந்தாமணி அச்சாகி வருகிறது. ஏழு வருஷ வேலை. அதன் பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. இந்த வருஷங்களை எந்த வினாத்தாளிலும் பார்க்கலாம். வருஷங்களுக்கு நடுவில் என்ன நடந்தது என்பதற்குத்தான் இந்தப் புத்தகம் வேண்டும். விடுமுறைக்கு விடுமுறை சென்னைக்குப் போய் அச்சுப்பிழை பார்ப்பது, காகிதத்துக்குப் பணம் போதாமல் புத்தகம் வாங்க முன்கூட்டியே பணம் தருகிறவர்களிடம் கையொப்பம் சேர்ப்பது, ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருப்பது. கடனின் அடுத்த தவணை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கையொப்பக் கணக்கைப் படிக்கும்போது யாரோ கூட உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தன் கல்யாணத்தைச் செலவுக் கணக்கோடு விரிவாக எழுதுகிறவர், அதற்கப்புறம் மனைவியைப் பற்றி எப்போதாவதுதான் பேசுகிறார். ராத்திரி முழுக்க ஏடு பார்த்த வீட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியது யார், வந்த வித்துவான்களுக்கு இலை போட்டது யார்? அந்தக் காலத்து ஆண்கள் அப்படி எழுதுவதில்லை என்று சொல்லலாம். இருந்தாலும் நான் ஒவ்வொரு அத்தியாயத்திலும் அந்த அம்மாளைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

புத்தகம் முடிவதில்லை. 1942 ஏப்ரலில் உ.வே.சா. காலமானார். மணிமேகலைப் பதிப்பை ஒட்டிய காலத்தோடு கதை நின்றுவிடுகிறது. கடைசி அத்தியாயத்தை வேண்டுமென்றே மூன்று நாள் தள்ளிப் போட்டுத்தான் படித்தேன்.

இதே புத்தகத்தில் இருக்கும் ஒரு சின்னச் செய்திதான் என்னைப் பாட்டுப் பக்கம் கொண்டுபோனது. உ.வே.சா.வின் அப்பா சங்கீதக்காரர். மாயூரத்தில் படிக்கும்போது, நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடமே உ.வே.சா. கொஞ்ச நாள் சங்கீதம் கற்றுக்கொள்கிறார். அது பிள்ளைக்குத் தெரிய வருகிறது. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் ஆழ முடியாது என்று அவர் அபிப்பிராயப்பட, பையன் சங்கீதத்தை விட்டுவிடுகிறான். ஒரே மனிதனுக்குள் இரண்டு பெரிய கதவுகள், அதில் ஒன்றைச் சாத்த வேண்டியிருக்கிறது. எனக்கு ஏனோ சாத்திய கதவின்மேல்தான் நினைப்பு ஓடியது. அன்று சாயங்காலம் பாட்டுப் போட்டுக்கொண்டு தண்ணீர் விட ஆரம்பித்தேன்.

பலரைக் கேட்டேன். நின்றது கர்நாடக சங்கீதப் பாடகர் எம்.டி. ராமநாதனிடம். 1923இல் பாலக்காட்டுப் பக்கம் மஞ்ஞப்ராவில் பிறந்தவர். சென்னைக்கு வந்து கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியில் டைகர் வரதாச்சாரியாரிடம் படித்தார். பிறகு அங்கேயே சொல்லிக்கொடுத்தார். தான் இயற்றிய பாட்டுகளுக்கு 'வரததாச' என்று குருவின் பெயரையே முத்திரையாக வைத்தார். 1984இல் மறைந்தார். அவர் பாட்டில் முதலில் தெரிவது இரண்டு விஷயம். குரல் மிகக் கீழே, கனமாக இருக்கும். காலம் மிக மெதுவாகப் போகும். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு தோழி கேட்கச் சொன்னாள். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, எப்போது ஆரம்பிப்பார் என்று நினைத்து நிறுத்திவிட்டேன். அவர் ஆரம்பித்துத்தான் இருந்தார். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை.

தியாகராஜரின் 'சாமஜவரகமன' எல்லோரும் பாடுகிற கீர்த்தனை. இந்தோளம் ராகம். பெரும்பாலும் துள்ளலாக, ஓடுகிற மாதிரிக் கேட்டிருப்போம். ராமநாதன் அதை எடுத்தால் யானை நடக்கிறது. பாட்டின் முதல் சொல்லே யானையின் நடையைத்தான் சொல்கிறது என்பது இவர் பாடித்தான் எனக்கு உறைத்தது. ஒரு சொல்லை வைப்பார். அப்புறம் சும்மா இருப்பார். தம்பூரா மட்டும் போய்க்கொண்டிருக்கும். அடுத்தது இங்கேதான் வரும் என்று நம் மனம் போய் நிற்கிற இடத்தில் அவர் இருக்க மாட்டார். கொஞ்சம் தள்ளி, நாம் நினைக்காத படியில் இறங்கியிருப்பார்.

சொல்லைப் பாதியில் விட்டுவிடுகிறார், சாகித்யத்தை, அதாவது பாட்டின் வரிகளை, உடைக்கிறார் என்று அவர்மேல் ஒரு குறை உண்டு. எனக்கு அது குறையாகப் படவில்லை. விட்ட இடத்தை நாமே உள்ளுக்குள் பாடிக்கொள்கிறோம். அவரே இயற்றிய 'சாகர சயன விபோ' பாகேஸ்ரீ ராகத்தில் இருக்கிறது. ராத்திரி, கடல், பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாள். இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கிற பன்னிரண்டு பாத்திக்கு நடுவில் உட்கார்ந்து, இருட்டுகிற நேரத்தில் கேட்டால் வேறு எந்த மண்டபமும் வேண்டாம்.

இதை மெதுவான பாட்டு என்று மட்டும் சொன்னால் போதாது என்று எனக்குப் புரிந்தது ஒரு கொத்தனாரால். கூடத்துச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த சமயம். சாரத்தில் நின்றுகொண்டு அவர் தூக்குக்குண்டை இறக்கினார். மேலே சுவரோடு ஒட்டிய மரக்கட்டை, அதிலிருந்து நூல், நூல் முனையில் இரும்புக் குண்டு. இறக்கினதும் குண்டு ஆடியது. கீழே சித்தாள் கலவைச் சட்டியோடு நிற்கிறாள், கலவை இறுகிக்கொண்டிருக்கிறது, மேஸ்திரி சத்தம் போடுகிறார். கொத்தனார் அசையவில்லை. "குண்டு நிக்கட்டும்" என்றார். ஆட்டம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, நூல் கோடாக நின்றது. குண்டுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நூலிழை இடைவெளியை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மேல்வரிசையில் ஒரே ஒரு செங்கல்லைக் கரண்டிக் காம்பால் இரண்டு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

ராமநாதன் ஒரு ஸ்வரத்தில் நிற்கும்போது நடப்பதும் இதுதான். ஆட்டம் அடங்குகிறவரை நிற்கிறார்.

சித்தாள் வேலைக்கு வரும் அக்கா ஒருத்தி இரண்டு மூன்று நாள் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒருநாள், "இவரு மூச்சு எங்க விடுறாருன்னே தெரியலையே டீச்சர்" என்றாள். செங்கல் சுமந்துகொண்டு பலகையில் ஏறுகிறவளுக்கு மூச்சுக் கணக்குத் தெரியும். எந்த விமரிசகரும் எனக்குச் சொல்லாத விஷயத்தை அவள் சொன்னாள். அதற்கப்புறம் நான் அவர் மூச்சைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

நடுவில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலை மறுபடி படித்தேன். கல்லூரியில் படித்தபோது ஜமுனா, சாயா என்ற அக்கா தங்கையின் கதையாக மட்டும் நினைவில் இருந்தது. இப்போது படித்தால் குடமும் குழாயும் தெருவுமாகச் சென்னையே பக்கமெல்லாம் நிற்கிறது. எங்கள் மனையில் போர் போட்டு, நூற்று அறுபது அடிக்கு மேல் போயும் முதலில் மண் கலங்கலாகத்தான் வந்தது. சின்ன நாவல். ஒரே மூச்சில் படித்துவிடலாம், ஆனால் அதில் வரும் பெண்கள் தண்ணீருக்காக நிற்கிற நேரம் நம் உடம்பில் ஏறிவிடும். துக்கத்தை இவ்வளவு குரல் தாழ்த்தி எழுத அவரால்தான் முடியும்.

படங்களில் ஒரு வெளிநாட்டுப் படம், 'பெர்ஃபெக்ட் டேஸ்'. 2023இல் வந்தது. விம் வெண்டர்ஸ் என்ற ஜெர்மானிய இயக்குநர் ஜப்பானிய மொழியில் எடுத்தது. ஹிராயாமா என்பவர் தோக்கியோவில் பொதுக் கழிவறைகளைச் சுத்தம் செய்பவர். விடிகாலையில் தெருக் கூட்டும் சத்தத்தில் எழுகிறார், சின்னச் சின்னச் செடிகளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார், வண்டியில் கேசட் போட்டுக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிறார். கண்ணுக்குத் தெரியாத விளிம்பின் அடிப்பக்கத்தைச் சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் துடைக்கிறார். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து இலைகளுக்கு நடுவே வரும் வெளிச்சத்தைப் படம் எடுக்கிறார். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோஜி யாகுஷோவுக்குக் கான் விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கடைசியில் வண்டி ஓட்டிக்கொண்டே அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருகிற அந்த முகத்துக்கு அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது.

படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதோடு நெஞ்சில் ஒன்று உறுத்தியது. எங்கள் பள்ளியில் கழிவறை கழுவ வருகிற அக்காவிடம் இருப்பது ஒரு துடைப்பமும் ஒரு பினாயில் பாட்டிலும்தான். கையுறைக்கு நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொடுத்தேன். இங்கே அந்த வேலைக்கு யார் வருகிறார்கள், ஏன் அவர்கள் மட்டும் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஹிராயாமாவின் அமைதி அவர் தேர்ந்துகொண்ட வாழ்க்கையிலிருந்து வருகிறது. தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லாத இடத்தில் அதே வேலையை இவ்வளவு அழகாகக் காட்ட எனக்கு மனம் வராது. இது படத்தின் குற்றம் என்று சொல்லவில்லை. இங்கிருந்து பார்க்கும்போது இதையும் சேர்த்துத்தான் பார்க்க முடிகிறது.

கடைசியாக, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிப் போட்டு வந்த 'வீடு'. பாலு மகேந்திரா எடுத்து 1988இல் வந்த படம். வீடு கட்டுகிறவர்கள் பார்க்கக் கூடாது என்று பலர் சொல்லியிருந்தார்கள். தளம் போட்ட வாரம் ஞாயிற்றுக்கிழமை, அம்மாவையும் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன்.

பாட்டே இல்லாத படம். பின்னணி இசை மட்டும் இளையராஜாவுடையது. 1986இல் வந்த அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹ் (Bach) என்பவருக்கும் அவர் சமர்ப்பித்த தொகுப்பு அது. அதில் வி.எஸ். நரசிம்மனின் வயலின் போகிற போக்கைத் தனியாகவே பல தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் செங்கல்லும் சாரமும் திரையில் தெரியும்போது அதே வயலின் வேறாகக் கேட்டது.

வேலைக்குப் போகும் சுதா, தங்கை, தாத்தா. குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வாடகைக்கு அலைந்து கிடைக்காமல், இருக்கும் மனையில் சொந்தமாகக் கட்டலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அனுமதி, கடன், மழை, கையில் நிற்காத பணம். சிமெண்டைத் திருடி விற்கும் ஒப்பந்தக்காரர். அதைச் சுதாவிடம் போட்டு உடைக்கிற சித்தாள் மங்கம்மா. பசி சத்யா நடித்திருக்கிறார், அவர் வந்து நின்றாலே எங்கள் மனை வாசனை வந்தது. சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்கு இந்தப் படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது. பெரிய வசனமோ அழுகையோ கிடையாது. கடன் தொகையைக் காதில் வாங்கிக்கொள்ளும்போது அவர் கண்கள் ஒரு கணக்குப் போடுகின்றன. நானும் அந்தக் கணக்கைப் போட்டவள்தான்.

தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் நாடக மேடையிலிருந்து வந்தவர். ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியாராக நடித்திருக்கிறார். பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கத் தனியாகக் கிளம்பிப் போகிறார். கதவு இல்லாத வாசல் வழியாக நுழைந்து, ஒவ்வொரு அறையாக நின்று, பூசாத சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். முகமெல்லாம் சிரிப்பு. பேத்தி கட்டும் வீடு. திரும்பும் வழியில் இறந்துபோகிறார். அதற்கப்புறமும் ஒரு இடி இருக்கிறது. குடிநீர் வாரியத்திலிருந்து வந்து, இந்த மனையை நாங்கள் ஏற்கெனவே கையகப்படுத்திவிட்டோம் என்கிறார்கள். ஆனால் எனக்கு அந்தத் தடவிய கைதான் ராத்திரி முழுக்கக் கண்ணில் நின்றது.

மட்டக்களப்பில் தன் அம்மா வீடு கட்டிய நாட்களின் நினைவிலிருந்து இந்தப் படம் வந்தது என்று பாலு மகேந்திரா சொல்லியிருக்கிறார். சிரித்த முகமாக இருந்த அம்மா, வீடு கட்டத் தொடங்கியதும் மாறிப்போனாராம். படத்துக்காகச் சாலிகிராமத்தில் எழுப்பிய வீட்டில்தான் பிற்காலத்தில் அவருடைய சினிமாப் பட்டறை இயங்கியது. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. படம் முடிந்ததும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே, "அந்தப் பொண்ணு ஒரு எடத்துலயாவது சிரிச்சுதா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். நான் பதில் சொல்வதற்குள், "நீயும் அஞ்சு மாசமா அப்படித்தாண்டி இருக்கே" என்றாள்.

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. காலையில் எழுந்து, தண்ணீர் விட்டு, பள்ளிக்கு ஓடி, வந்து மறுபடி தண்ணீர் விட்டு, மூட்டைக் கணக்கு எழுதி, படுத்துவிடுகிறேன். பாத்திக்கு நடுவில் உட்கார்ந்து படிக்கிறபோதும் கேட்கிறபோதும் எனக்குள் இருக்கிற சந்தோஷம் வீட்டுக்கு வரும்போது முகத்தில் இருப்பதில்லை போலிருக்கிறது. பூமிபூஜைக்கு வந்ததோடு சரி, முழங்கால் வலிக்கிறது என்று அம்மாவை நான் மனைப் பக்கமே கூட்டிப்போகவில்லை. கட்டி முடித்துக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக விடாமல் கையைப் பிடித்துக்கொண்டேதான். தளத்துக்கு முட்டுக் கொடுத்த கம்புகள் இன்னும் உள்ளே நின்றுகொண்டிருந்தன. அம்மா அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து நடந்தாள். கூடம் இது, என் அறை அது என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மேலே பாத்தியிலிருந்து ஓரமாகக் கசிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துளி அவள் தோளில் விழ, அண்ணாந்து பார்த்தாள். போனில் என்ன பாட்டுக் கேட்பாய் என்று கேட்டாள். 'சாகர சயன விபோ'வைப் போட்டேன். இரண்டு நிமிஷம் அப்படியே நின்று கேட்டுவிட்டு, "அடுப்படி எங்கே?" என்றாள்.

அடுப்படியில் நான்கு சுவரும் ஒரு ஜன்னல் துவாரமும்தான். மேஸ்திரி உள்ளே வந்து, இங்கே சமையல் மேடை வரும், வழக்கமாக இரண்டே முக்கால் அடி வைப்போம் என்றார். அம்மா குள்ளம். வாடகை வீட்டு மேடையில் தோளைத் தூக்கிக்கொண்டே இத்தனை வருஷம் சமைத்தாள். அது என் கண்ணில் பட்டதே இல்லை. அவள் சுவரை ஒட்டிப் போய் நின்று, தோசை வார்க்கிற மாதிரி ஒருமுறை கையைச் சுழற்றிப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி வைத்தாள்.

"இவ்வளவு போதும் தம்பி."

மேஸ்திரி குனிந்து, கீழே கிடந்த செங்கல் துண்டை எடுத்து, அந்தக் கைக்கு அடியில் சுவரோரமாக ஒரு கோடு இழுத்தார்.